தபாலில் வந்த ஒலிநாடாக்கள்

1967 ஆகஸ்ட் 14ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, இங்கிலாந்தின் எசெக்ஸ் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த 'கேலக்ஸி' என்ற கப்பலில் இயங்கிவந்த வானொலி ஒன்று நின்றுபோனது. அதன் பெயர் ரேடியோ லண்டன். நிலத்தில் உரிமம் கிடைக்காததால் கடலில் இருந்துகொண்டே பாப் இசையை ஒலிபரப்பிய 'கடற்கொள்ளை' வானொலிகளில் அதுவும் ஒன்று. அத்தகைய வானொலிகளுக்கு வேலை செய்வதையும் விளம்பரம் கொடுப்பதையும் குற்றமாக்கும் சட்டம் அன்று நள்ளிரவு அமலுக்கு வரவிருந்தது. அந்தக் கப்பலில் நள்ளிரவு 12 முதல் 2 வரை, மேலாளர்கள் தூங்கிவிடும் நேரத்தில், 'பெர்ஃபியூம்டு கார்டன்' என்ற நிகழ்ச்சியைச் செய்துவந்தவர் ஜான் பீல். பட்டியல் கிடையாது, விளம்பரதாரர் சொன்ன பாட்டு கிடையாது. கையில் இருக்கும் இசைத்தட்டில் தனக்குப் பிடித்ததைப் போடுவார், நேயர் கடிதங்களை வாசிப்பார், அவ்வளவுதான்.

நான் இசை விமர்சகன் அல்ல. மென்பொருள் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகப் பாட்டுப் பரிந்துரைக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். பயனர்களையும் பாடல்களையும் பெரிய அட்டவணையாகப் போட்டு, காலியாக இருக்கும் கட்டங்களில் என்ன எண் வரும் என்று கணிக்கும் வேலை. அந்தச் சமயத்தில்தான், இந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்வதற்கு முன்னால் யார் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடல் கணினியறிவியல் பக்கம் போகாமல் வானொலி பக்கம் போய்விட்டது.

புதிதாக வந்திருக்கும் இசையில் எதைக் கேட்கலாம் என்று ஊருக்குச் சொல்லும் வேலைக்கு ஏறக்குறைய நூறு வயதாகிறது. 1923 ஏப்ரலில் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி லண்டனில் 'தி கிராமஃபோன்' என்ற மாத இதழைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் மைத்துனர் கிறிஸ்டோபர் ஸ்டோன். இதே ஸ்டோன் 1927 ஜூலை 7ஆம் தேதி பி.பி.சி.யில் உட்கார்ந்து இசைத்தட்டுகளைப் போட்டு, நடுநடுவே சாவகாசமாகப் பேசினார். பிரிட்டனின் முதல் 'டிஸ்க் ஜாக்கி' அவர்தான் என்பார்கள். இசைத்தட்டு அன்றைக்கு விலையுயர்ந்த பொருள். கடையில் போய் எதை வாங்குவது என்ற கேள்வி பணக்கேள்வியும்கூட. பரிந்துரை என்பது அங்கேதான் பிறக்கிறது.

அதன்பிறகு வந்தது தரவரிசை. 1952 நவம்பர் 14 அன்று 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழ் பிரிட்டனின் முதல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. கடை கடையாகத் தொலைபேசியில் அழைத்து எது நன்றாகப் போகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதற்குச் சரியாக மூன்று வாரத்துக்குள், டிசம்பர் 3ஆம் தேதி, இலங்கை வானொலியில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. இந்தியாவின் இந்தி நேயர்கள் கொழும்பு அலைவரிசையைத் தேடிப் போனார்கள். ஆரம்பத்தில் வரிசை எண் இல்லாமல் ஏழு பாட்டுகளைப் போட்டார்கள். தரவரிசை கொஞ்ச நாள் கழித்துத்தான் வந்தது. வந்த பிறகு அதை நிறுத்தவே முடியவில்லை.

தரவரிசைக்கும் பரிந்துரைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவர்கள் ஏற்கெனவே என்ன வாங்கினார்கள் என்பதைத் தரவரிசை சொல்கிறது. இன்னும் யாருமே வாங்காததை அதால் சொல்ல முடியாது. அந்த இடத்தில் ஒரு மனிதர் தேவைப்படுகிறார். மனிதர் என்றால் கையில் காசு வைக்கலாம்! அமெரிக்காவில் அதுதான் நடந்தது. 'பயோலா' என்ற பெயரில் இசைத்தட்டு நிறுவனங்கள் அறிவிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துப் பாட்டைப் போடவைத்தன. நாடாளுமன்ற விசாரணை நடந்து, 1960இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. ராக் அண்ட் ரோல் இசையைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்த ஆலன் ஃப்ரீட் அதில் சிக்கி வாழ்க்கையை இழந்தார். இந்த 'பயோலா' விஷயத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பீலுக்கு வருவோம். 1939இல் லிவர்பூலுக்கு அருகே பிறந்தவர். உண்மைப் பெயர் ஜான் ராபர்ட் பார்க்கர் ரேவன்ஸ்கிராஃப்ட். 1960இல் அமெரிக்கா போனார். பீட்டில்ஸ் மோகம் அங்கே தலைக்கேறியிருந்த நேரத்தில், லிவர்பூல் பக்கத்து உச்சரிப்பு ஒன்றையே தகுதியாகக் கொண்டு டல்லாஸ் வானொலியில் 'பீட்டில்ஸ் நிபுணர்' ஆனார். 1967இல் திரும்பிவந்து கப்பலேறினார். கப்பல் வானொலிகளை மூடிய அரசாங்கத்துக்கு, அவற்றைக் கேட்ட இளைஞர்களுக்கு மாற்றாக ஏதாவது தரவேண்டியிருந்தது. அதற்காக அதே ஆண்டு செப்டம்பர் 30இல் பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கியது. மறுநாளே 'டாப் கியர்' நிகழ்ச்சியில் பீலின் குரல். அன்றிலிருந்து 2004இல் இறக்கும்வரை, 37 ஆண்டுகள், அவர் அந்த நிலையத்தை விட்டுப் போகவில்லை. ரேடியோ 1 தொடங்கியபோது சேர்ந்த அறிவிப்பாளர்களில் கடைசிவரை அங்கேயே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி ஒரு கட்டுப்பாடு. 'ஊசி நேரம்' என்று சொல்வார்கள். கிராமஃபோன் ஊசி தட்டின் மேல் ஓடும் நேரம். பதிவுசெய்த இசையை பி.பி.சி. ஒரு நாளைக்கு இவ்வளவு மணி நேரம்தான் ஒலிபரப்பலாம் என்று இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் ஒப்பந்தம் இருந்தது. எல்லாம் தட்டிலேயே ஓடினால் வாசிப்பவனுக்கு வேலை எங்கே என்பது சங்கத்தின் கேள்வி. நியாயமான கேள்விதான். எனவே மிச்ச நேரத்தை நிரப்ப, கலைஞர்களை நேரில் வரவழைத்துப் பதிவுசெய்தாக வேண்டும். லண்டன் மைடா வேல் பகுதியில் ஒரு காலத்தில் சக்கரச் சறுக்கு அரங்காக இருந்த கட்டடத்தில் பி.பி.சி.யின் ஒலிப்பதிவுக் கூடங்கள் இருந்தன. காலையில் வண்டியில் வாத்தியங்களோடு வந்து இறங்கி, பெரும்பாலும் நான்கு பாட்டுகளை வாசித்து, இரவுக்குள் கலவையும் முடித்துப் போய்விடவேண்டும். சங்கம் நிர்ணயித்த சம்பளம் உண்டு.

இதுதான் பின்னாளில் புகழ்பெற்ற 'பீல் செஷன்'. மொத்தம் 4,000க்கும் மேல். 2,000க்கும் அதிகமான கலைஞர்கள். ஊசி நேரக் கட்டுப்பாடு 80களின் இறுதியில் போய்விட்ட பிறகும் செஷன்கள் தொடர்ந்தன. 'தி ஃபால்' என்ற மான்செஸ்டர் குழு மட்டும் 24 முறை வந்திருக்கிறது. ஷெஃபீல்டின் 'பல்ப்' குழு 1981இல் முதல் செஷனுக்கு வந்தபோது அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். தேசியப் புகழ் வந்துசேர அவர்களுக்கு அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேல் ஆனது. ஒப்பந்தம் இல்லாத, ஆல்பம் இல்லாத, ஊரைத் தாண்டி யாருக்கும் பெயர் தெரியாத பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து, நல்ல கருவிகளில் பதிவுசெய்து, நாடு முழுக்கக் கேட்கவைத்தது ஒரு பொது நிறுவனம். தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் நடந்த காரியம் இது. பீலின் காதை எல்லாரும் புகழ்கிறார்கள், அந்தக் காதுக்குப் பின்னால் இருந்த இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் குறைத்தே பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அப்படி என்னதான் போட்டார்? வானொலியைத் திறந்தால் வட அயர்லாந்துப் பங்க், அடுத்து ஜமைக்கா ரெக்கே, அடுத்து ஜிம்பாப்வேயின் 'புந்து பாய்ஸ்', அடுத்து ஒரு பாட்டு முழுசாகச் சில நொடிகளே ஓடும் 'நேபாம் டெத்' குழுவின் இரைச்சல், அதற்கடுத்து ஏதோ பழைய 78 சுற்றுத் தட்டு. நடுவில் ஒரு விளக்கமும் இருக்காது. குரலில் எந்தப் பரபரப்பும் இருக்காது. சில சமயம் தட்டைத் தவறான வேகத்தில் ஓடவிட்டுவிடுவார், பிறகு மன்னிப்புக் கேட்டுத் திருப்பிப் போடுவார். ஏற்கெனவே கேட்டிராத ஒன்றைக் கேட்கவேண்டும் என்பதைத்தான் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1976இல் நியூயார்க்கின் 'ரமோன்ஸ்' குழுவின் முதல் ஆல்பத்தை அவர் போட ஆரம்பித்ததும், அதுவரை நீள நீளமான முற்போக்கு ராக் கேட்டுப் பழகிய நேயர்கள் கோபக் கடிதம் எழுதினார்கள். கோபம் வந்ததாலேயே இன்னும் அதிகமாகப் போட்டார். ஒரே மாதத்தில் நேயர்களின் சராசரி வயது பத்து குறைந்துவிட்டது என்று பின்னாளில் சொல்வார். 1978இல் டெர்ரி நகரத்தின் 'அண்டர்டோன்ஸ்' குழு, பெல்ஃபாஸ்ட் இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவரின் சின்ன நிறுவனம் வழியாக 'டீனேஜ் கிக்ஸ்' என்ற தட்டை வெளியிட்டது. பீல் அதை ஒரே நிகழ்ச்சியில் இரண்டு முறை அடுத்தடுத்துப் போட்டார். அந்தச் சமயம் லண்டன் வந்திருந்த அமெரிக்க நிறுவனத் தலைவர் ஒருவர் காரில் அதைக் கேட்டு, உடனே குழுவை ஒப்பந்தம் செய்ய ஆள் அனுப்பினார்.

பில்லி பிராக் கதை இன்னும் அருமை. 1983இல் ஒரு நாள், இப்போது யாராவது காளான் பிரியாணி கொண்டுவந்தால் நன்றாக இருக்கும் என்று பீல் ஒலிபரப்பில் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த பிராக் பிரியாணியும் தன் தட்டும் கையுமாக நிலையத்துக்குப் போய்விட்டார். பீல் சாப்பிட்டார், தட்டையும் போட்டார். 45 சுற்று வேகத்தில் ஓடவேண்டியது 33இல் ஓடியது. பிரியாணி இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன் என்று நேயர்களிடம் சொல்லிக்கொண்டார். 'பயோலா' வரலாற்றில் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கும் இடம் கொடுக்கலாம்.

பீல் பி.பி.சி. உலக சேவைக்கும் நிகழ்ச்சி செய்தார். அந்தச் சேவையை நம் பகுதிக்குச் சிற்றலையில் அனுப்பிய நிலையம் முதலில் ஜோகூர் தெப்ராவிலும் பிறகு சிங்கப்பூர் கிராஞ்சியிலும் இருந்தது. நம்மூர்க் காற்றிலும் அந்தச் சலிப்பான குரல் கொஞ்சம் மிதந்திருக்கிறது.

அவரைத் துறவியாக்கிவிடக்கூடாது. 1965இல் அமெரிக்காவில் அவர் மணந்த முதல் மனைவிக்கு அப்போது வயது 15. அக்காலத்தில் தன்னைச் சுற்றிவந்த சிறுமிகளைப் பற்றி அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். அஞ்சலிக் கட்டுரைகள் இதைத் தாண்டிக் குதித்தன. அவரைப் பற்றி எழுதுகிறவன் தாண்டக்கூடாது என்று நினைக்கிறேன். ஒரு தனிமனிதக் காதை நம்பி ஒரு நாட்டின் புது இசை நடக்கும்போது, அந்த மனிதரோடு சேர்த்துத்தான் நம்புகிறோம்.

இனி, பொறியாளனாக என்னைத் தூங்கவிடாத பகுதி.

1976இல் பீல் 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்ற வாக்கெடுப்பைத் தொடங்கினார். நேயர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று பாட்டுகளை எழுதி அனுப்பவேண்டும். எண்ணிப் பார்த்து முதல் 50ஐ ஆண்டிறுதியில் ஒலிபரப்புவார். முதல் வருடம் முதலிடம் லெட் செப்பலினுக்கு. 1978இல் செக்ஸ் பிஸ்டல்ஸ். 79இலும் அதே பாட்டு. 80இலும் அதே பாட்டு. பட்டியல் உறைந்துவிட்டது. 1982இல் விதியை மாற்றி, அந்தந்த வருடம் வெளியானவற்றுக்கு மட்டும் வாக்கு என்ற முறையைக் கொண்டுவந்தார். அப்போதும் தீரவில்லை. வருடம் முழுக்க ரெக்கேயும் ஆப்பிரிக்க இசையும் ஹிப் ஹாப்பும் டெக்னோவும் கேட்ட அதே நேயர்கள், வாக்குப் போடும்போது கிதார் வைத்திருக்கும் வெள்ளைக்காரப் பையன்களுக்கே போட்டார்கள். பீல் வெளிப்படையாகவே அலுத்துக்கொண்டார். 1991இல் வாக்குகள் வந்தும் பட்டியலை ஒலிபரப்பவில்லை. 1993இல்தான் வாரம் ஒன்றாக அதை வெளியே விட்டார்.

இதில் நேயர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் மூன்று பாட்டைத்தான் எழுத முடியும். ஒருவருக்கு மாலியிலிருந்து ஒரு பாட்டு உயிர், இன்னொருவருக்கு டெட்ராய்ட்டிலிருந்து ஒன்று. தனித்தனி ஆசைகள் சிதறிப்போகும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்தது மேலே வரும். கூட்டினால் அப்படித்தான் வரும், அது கணக்கு.

அந்தக் கணக்கை உடைக்க நினைத்தவர்கள்தான் எங்கள் துறையின் முன்னோடிகள். 1994 ஜூலையில் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உபேந்திர ஷர்தானந்த், பேட்டி மேஸ் இருவரும் 'ரிங்கோ' என்ற அமைப்பைத் திறந்துவிட்டார்கள். முழுக்க மின்னஞ்சல். கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் வரும், நீங்கள் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு அனுப்பவேண்டும். எல்லாருடைய வாக்கையும் ஒன்றாகக் கூட்டாமல், உங்களைப் போலவே மதிப்பெண் போட்டவர்களை மட்டும் அது தேடும். நீங்களும் யாரோ ஒரு அந்நியரும் இளையராஜாவுக்கு 7, பாப் மார்லிக்கு 6, வேறொருவருக்கு 1 என்று ஒரே மாதிரி போட்டிருந்தால், அந்த அந்நியர் 7 போட்ட இன்னொரு பெயரை உங்களுக்கு அனுப்பும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பதற்குப் பதில், உலகத்தில் எங்கோ இருக்கும் உங்கள் இரட்டையரைக் கேட்பது. அதில் பாட்டின் ஒரு சுரம்கூட இயந்திரத்துக்குத் தெரியாது. எண்கள் மட்டும்தான்.

அதன்பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2000இல் அமெரிக்காவில் 'மியூசிக் ஜீனோம்' திட்டம். அதில் இசை படித்தவர்கள் ஒவ்வொரு பாட்டையும் உட்கார்ந்து கேட்டு நூற்றுக்கணக்கான கூறுகளாகக் குறித்தார்கள். அதிலிருந்து பண்டோரா வந்தது. 2002 வாக்கில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்ட் ஜோன்ஸின் திட்டப்பணியாக 'ஆடியோஸ்க்ராப்ளர்' வந்தது. மதிப்பெண்கூடக் கேட்காமல், நீங்கள் கணினியில் கேட்பதையெல்லாம் தானே குறித்துக்கொள்ளும். அது லாஸ்ட்.எஃப்.எம். நிறுவனத்தோடு இணைந்தது. 2013 ஏப்ரலில் ஸ்போட்டிஃபை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. 2015 ஜூலையில் இரண்டு விஷயங்கள். புது இசை உலகெங்கும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகவேண்டும் என்று நிறுவனங்கள் ஒரே நாளை வைத்துக்கொண்டன. அதே மாதம் 'டிஸ்கவர் வீக்லி' வந்தது. திங்கள்தோறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 30 பாட்டுகள்.

பல திங்கட்கிழமைகளில் அந்த 30இல் நாலைந்து பாட்டு என்னை உட்காரவைத்திருக்கிறது. எந்த வானொலியும் எனக்காக மட்டும் அப்படிச் செய்ததில்லை. பீலின் நிகழ்ச்சியில் இரண்டு மணி நேரம் கேட்டால்கூட நாலு பாட்டு தேறாத இரவுகள் நிறைய இருந்திருக்கும். ஆனால் நிரலில் ஒரு ஓட்டை உண்டு, பாடப்புத்தகத்திலேயே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: குளிர்த் தொடக்கம். கிள்ளானில் நாலு பசங்க சேர்ந்து ஒரு தமிழ்ப் பாட்டைப் பதிவுசெய்து இன்று காலை ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். அதை இன்னும் யாரும் கேட்கவில்லை. அட்டவணையில் அந்த வரிசை முழுக்கக் காலி. காலி வரிசைக்கு இரட்டையர் கிடையாது. யாரும் கேட்காததால் யாருக்கும் போகாது, யாருக்கும் போகாததால் யாரும் கேட்கமாட்டார்கள். பாட்டின் ஒலியையே நேரடியாக அலசி இதைச் சமாளிக்கலாம் என்று 2013இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். உதவிதான். ஆனால் ஒலியை அலசும் இயந்திரம், இதுவரை உள்ள எதைப் போல இது இருக்கிறது என்றுதான் சொல்லும். எதைப் போலவும் இல்லாத ஒன்று வந்தால் அதைத் தூரத்தில் தள்ளிவைக்கும். பீல் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார்.

தினமும் மூட்டையாக வந்த தபாலைப் பிரித்து, அனுப்பிய ஒலிநாடாக்களை வீட்டிலும் காரிலும் போட்டுக் கேட்டார். கிட்டத்தட்ட 26,000 ஆல்பங்களும் 40,000 சிறு தட்டுகளும் சஃபோக்கில் உள்ள அவர் வீட்டில் சேர்ந்தன. ஆல்பங்களுக்கு எண் போட்டு, தட்டச்சு செய்த அட்டைகளில் குறித்துவைத்திருந்தார். அட்டவணையில் காலியாக இருந்த முதல் கட்டத்தை நிரப்பும் ஆள் என்று எங்கள் மொழியில் சொல்லலாம்.

ஓரமாக வைத்த 'பயோலா' இங்கே திரும்ப வருகிறது. 2020 இறுதியில் ஸ்போட்டிஃபை 'டிஸ்கவரி மோட்' என்ற திட்டத்தை அறிவித்தது. கலைஞரோ நிறுவனமோ ஒரு பாட்டுக்குக் குறைந்த உரிமைத்தொகையை ஏற்றுக்கொண்டால், பரிந்துரை அந்தப் பாட்டின் பக்கம் கொஞ்சம் சாயும். கையில் காசு வைப்பதில்லை, வரவேண்டிய காசைக் குறைத்துக்கொள்கிறார்கள். 2024 முதல், ஓராண்டில் 1,000 முறைக்கும் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்குப் பதிவு உரிமைத்தொகையே கிடையாது. மைடா வேலுக்குக் காலையில் வந்து இறங்கிய பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கச் சம்பளம் கிடைத்தது. கிள்ளான் பசங்களுக்கு முதல் ஆயிரம் வரை ஒன்றுமில்லை. இந்த இரண்டு ஏற்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், மனிதனா இயந்திரமா என்று மட்டும் விவாதிப்பது எனக்கு அலுப்பாக இருக்கிறது. நல்ல காது உள்ளவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். மின்னலிலும் ராகாவிலும் உள்ளூர்ப் பாட்டுக்கு நேரம் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். ஒரு நாள் ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்துவிட்டு, நாலு பாட்டு வாசி, சம்பளம் வாங்கிக்கொண்டு போ என்று சொல்லும் இடம்தான் இல்லை.

ஜான் பீல் 2004 அக்டோபர் 25 அன்று பெருவின் குஸ்கோ நகரில், விடுமுறைப் பயணத்தில், மாரடைப்பால் இறந்தார். வயது 65. அவர் சேகரிப்பின் ஒரு பகுதி, எழுத்துக்கு நூறு ஆல்பங்கள் வீதம், 2012இல் இணையத்தில் காட்சிக்கு வந்தது. செஷன்களில் பல இப்போது ஆல்பங்களாகவே கிடைக்கின்றன. கேட்க விரும்புகிறவர்களுக்கு என் வரிசை இது. முதலில் அண்டர்டோன்ஸ். உடனே 'மிஸ்டி இன் ரூட்ஸ்' குழுவின் 1979 நேரடி ஆல்பம், பீல் மிகவும் நேசித்த ரெக்கே அது. அடுத்து புந்து பாய்ஸின் 'ஷாபினி'. அப்புறம் தி ஃபால் செஷன்களில் ஏதாவது ஒன்று, பிடிக்காவிட்டாலும் கடைசிவரை. கலைத்துப்போடும் பொத்தானை அணைத்துவிட்டுக் கேளுங்கள், வரிசை முக்கியம்.